ரிப்பன் கட்டிய வண்டி

எனக்கு மாலை போட்டால் கழுத்து அரிக்கும். எந்த விழாவானாலும் மாலை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவேன். பேருக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, இன்ஸ்பெக்டர். அதனால் சொல்கிறேன்.

அம்பத்தூரில் எங்களுக்குப் பம்பு பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. இப்போது மகன் பார்க்கிறான். நான் அறக்கட்டளைக் கூட்டங்களில் உட்கார்ந்தே நரைத்தவன். முகப்பேரில் ஒரு பள்ளி, ஆவடியில் ஒரு கண் மருத்துவமனை, சென்னீர்குப்பத்தில் இந்த முதியோர் இல்லம். இல்லத்துக்கு நான் தலைவர். எங்கள் குழுவில் யாரும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

ஆம்புலன்ஸை ஒரு நிறுவனம் கொடுத்தது. அலைந்து வாங்கியது நான்தான். அவர்களுடைய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டுவார், சாவியை ஒப்படைப்பார், படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி ஓடும். எல்லா இடத்திலும் இப்படித்தான். வண்டி முந்தின நாளே வந்து வாசலில் நின்றது.

ரிப்பனில் பூ தைத்தது இல்லத்திலிருந்த ரோஷன் பேகம். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்தவர். காலையில் என்னைப் பார்த்ததும், "வண்டிய மாப்ளயாட்டம் ஜோடிச்சிட்டேன் சார். பொண்ணு எப்ப வருது?" என்றார். சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும்.

அதிகாரி வரத் தாமதமானது. பந்தலில் காத்திருந்தபோது ரோஷன் பேகத்துக்கு மூச்சுத் திணறியது. வார்டன் சுலோசனா 108-ஐக் கூப்பிட்டார். அது நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டது. வாசலில் நின்ற வண்டிக்குள் ஆக்ஸிஜன் இருந்தது. சாவி, தட்டில் பட்டுத்துணிமேல் இருந்தது. அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஓட்டுநர் ஜாகிர் வந்தான். "ரிப்பன நா பதமா அவுத்து, திரும்பக் கட்டிட்றேன் சார். ஒருத்தருக்கும் தெரியாது."

பொறு என்றேன். அதிகாரியின் கார் பக்கத்தில் வந்துவிட்டதாகத் தகவல். அவர் வரும்போது வண்டி இல்லையென்றால்? டயாலிசிஸ் இயந்திரங்கள் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். ஒருவரைப் பார்ப்பதா, பின்னால் வரப்போகும் அத்தனை பேரைப் பார்ப்பதா? என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஜாகிர் போகவில்லை. "அந்தம்மா உதடு நீலமா ஆயிகினு கீது சார். வண்டி ஓட வேணாம். கதவையாச்சும் தெறந்து உடுங்க."

கதவைத் திறந்தாலும் ரிப்பன் அறுந்துவிடும். அதை அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன். பிறகு ஆட்டோ வரவழைத்து, ரோஷன் பேகத்தை ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன். மிகவும் லேசாக இருந்தார். போகும்போது ரிப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சுலோசனா பிற்பாடு சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது ஆட்டோவிலேயே உயிர் போயிருக்கிறது. வண்டியின் முதல் பயணம் அவரைத் திரும்பக் கொண்டுவந்ததுதான்.

குழுக் கூட்டத்தில், ஜாகிர் சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடியதால் தாமதமானது என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சுலோசனா தரையைப் பார்த்தார். அவருக்கும் வேலை வேண்டுமே. ஜாகிரை வேலையிலிருந்து நிறுத்தினோம். நான் சொன்னதை நம்பி நீங்கள் அவனைப் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை. சாவி என்னிடம் இருந்தது. கேட்டும் நான் கொடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மனசாட்சி இல்லாதவன் அல்ல. வண்டிக்கு ரோஷன் பேகத்தின் பெயரையே வைக்கச் சொன்னேன். பெயரைத் திறந்துவைக்க நல்ல விருந்தினர் கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. அதுவரை வண்டியைத் துணி போட்டு மூடிவைத்தோம். சாவி என்னிடம்தான் இருந்தது. இடையில் இரண்டு பேருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. யாரும் வந்து கேட்கவில்லை. ஆட்டோவில் போய்க்கொண்டார்கள். இல்லத்தில் எல்லாரும் என்னைப் புரிந்துகொண்டுவிட்டார்கள்.