ஓடையில் கிடந்த கரண்டி

பஸ்சில் டிரைவர், கண்டக்டர், முன் சீட்டில் இரண்டு பெண்கள், பின்னால் நான். குளச்சலில் ஏறியவர்கள். மூத்தவள் மடியில் ஈரச் சாக்கு.

"ஏட்டி, மூணு வருசமா நான் கள்ளி. இன்னைக்குத்தான் இல்ல," என்று சிரித்தாள்.

"சாக்குல என்னக்கா?" என்றாள் இளையவள்.

"கோயில் அசனப் பந்திக்கு எடுக்கிய ஊறுகாய்க் கரண்டி. பாத்திர அறைச் சாவி எங்கிட்டல்லா. ஒவ்வொரு அசனத்துக்கும் குறையும். நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்னு கோயில் செயலாளர் சொன்னாரு."

"எங்க கெடந்துது?"

"கோயில் பின்னால, கழிவுத்தண்ணி ஓடையில. பாத்திரம் கழுவுனவிய கஞ்சித்தண்ணியோட சேத்து ஊத்திருக்காவ. கஞ்சி இறுகி ஓடை அடைச்சிட்டு. கம்பு விட்டுக் குத்தியும் அசையல. இன்னைக்கு அடைப்பு எடுக்கிய வண்டி வந்துது. குழாயை உள்ள விட்டு பிரஷர்ல தண்ணி அடிச்சாவ. அடைப்பு உடைஞ்சு கரண்டி துள்ளித் துள்ளி வருது மக்கா, நெத்திலி கணக்கா."

"செயலாளர் பாத்தாரா?"

"இல்ல. அவரு வீட்டு முத்தத்துல கொட்டி எண்ணத்தான் போறேன்."

"எத்தன காணலன்னு எழுதி வச்சிருக்காரு?"

"நாப்பத்தொண்ணு."

"கெடச்சது?"

கண்டக்டரும் திரும்பிப் பார்த்தார். அவள் சாக்கை ஒருமுறை குலுக்கினாள்.

"நாப்பத்திமூணு."