சார்லஸ் வந்தால் சரியாகிவிடும்

மேடம், இந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. குறையாகச் சொல்லவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பதே பெரிய மனசு. சார்லஸுக்கு நான் வாங்கிக் கொடுத்த டீயும் இப்படித்தான் இருக்கும். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தங்கமான பையன். நான் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு, அது இன்று நாலு மணிக்குள் ஃபேக்ஸில் சிதம்பரத்தில் அவர் கம்பெனிக்குப் போனால் அவர் வேலை பிழைக்கும், போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்றீர்கள். நியாயம். நேரம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. கடலூரில் இந்தக் கல்லூரியின் சர்வர் அறை என் பொறுப்பு. இந்த வருஷம், அதாவது 2010இல்தான், சேர்க்கை விண்ணப்பத்தை முதல்முறையாக இன்டர்நெட்டில் போடச் சொன்னார்கள். அந்த வெப்சைட்டை எழுதியவர் சார்லஸ். சிதம்பரம் மேல வீதியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. அவர் தன் கம்ப்யூட்டரில் எழுதிச் சோதித்து அனுப்புவார், நான் இங்கே சர்வரில் ஏற்றுவேன். ஊர் பார்ப்பது என் சர்வரில் இருப்பதை. இரண்டு இடத்திலும் புரோகிராம் ஒன்றுதான். டேட்டாபேஸைத் திறக்கிற பாஸ்வேர்டு இருக்கும் செட்டிங்ஸ் ஃபைல் மட்டும் வேறு வேறு. அந்த ஃபைல் என் கையில் இருந்தது.

விண்ணப்பம் தொடங்கிய நாளிலிருந்து தினமும் ஒன்றரை மணி நேரம் பக்கம் திறக்காது. டேட்டாபேஸைத் தொட முடியவில்லை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். நான் உடனே சார்லஸுக்கு போன் போடுவேன். கடமை என்று ஒன்று இருக்கிறதில்லையா.

"சார், என் சிஸ்டத்துல நல்லா ஓடுது சார். இப்பக்கூட தெறந்து வச்சிருக்கேன்" என்பார்.

"உங்க சிஸ்டத்துல வந்தா தம்பி புள்ளைங்க அப்ளிகேஷன் போடப் போறாங்க?" என்பேன்.

பாவம், பஸ் பிடித்து ஓடி வருவார். அவர் கடலூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் அறைக்குள் நுழையும்போது பக்கம் ஜம்மென்று திறக்கும். அந்தப் பையன் வாசலில் கால் வைத்தாலே சரியாகிவிடுகிறது, என்ன கைராசி என்று ஆபீஸில் எல்லோருக்கும் ஆச்சரியம். தாளாளர் சடையப்பன் ஐயாவே முதுகில் தட்டிக் கொடுத்தார். பத்துப் பதினைந்து தடவை இப்படியே நடந்த பிறகு அதே ஐயா, இவனே கெடுத்துவிட்டு இவனே வந்து சரிபண்ணுகிறானோ என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை மேடம். என் வாயால் யாரையும் பழி சொல்ல மாட்டேன். சும்மா தலையைக் குனிந்துகொண்டேன்.

சார்லஸ் பார்க்காத இடமில்லை. வெர்ஷனை ஒப்பிட்டார், சர்வர் கடிகாரத்தைச் சரிபார்த்தார், செட்டிங்ஸ் ஃபைலை வரிவரியாகப் படித்தார். கடல் காற்றில் உப்பு அல்லவா, ஒயரில் இறங்கியிருக்குமோ என்று நான்தான் ஒரு யோசனை சொன்னேன். அதையும் மெனக்கெட்டுத் துடைத்துப் பார்த்தார். ஒரு புதன்கிழமை, இன்றைக்கு நாள் முழுக்க இங்கேதான் உட்காரப் போகிறேன் என்று லேப்டாப்போடு வந்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கு அவரை முதுநகருக்கு மீன் குழம்புச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றரைக்குத் திரும்பினோம். சாப்பாடு பிரமாதம் சார் என்று நன்றி சொன்னார். அதைக் கேட்டபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

நான் செய்தது சின்ன வேலை. குறித்த நேரத்தில் சரியான ஃபைல் விலகி, தப்பான பாஸ்வேர்டு உள்ள ஃபைல் வந்து உட்காரும். நேரம் முடிந்ததும் பழையது, அதே பழைய தேதியோடு, திரும்பி வந்துவிடும். அந்தத் தேதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. திங்கள் என்றால் காலை ஏழரை, புதன் பன்னிரண்டு, வெள்ளி பத்தரை. நீங்களும் நம்ம ஊர் ஆள்தான், இதற்குள் புரிந்திருக்கும். ராகுகாலம்.

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பிள்ளைகள் படிப்பைத் தொடங்குகிற முதல் காரியம், பெற்றவர்கள் கவனிக்காவிட்டால் யாராவது கவனிக்க வேண்டாமா? என் மகள் ஜோதிலட்சுமி சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விண்ணப்பம் போட்டாள். சீட்டு கிடைத்தது. நன்றாகப் படித்தாள். கூடப் படித்த பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன் என்கிறார்கள். நான் பார்த்ததில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. பகல் பன்னிரண்டோடு முடிவு. கடைசி நாள் என்பதற்காக ராகு லீவு போடுவாரா? பிச்சாவரம் பக்கத்து மீனவர் பொன்னுரங்கம் தன் மகள் சுவேதாவை சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அன்று பத்தரைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் பிளஸ் டூ தாண்டிய முதல் பெண். பன்னிரண்டு அடிக்கும்வரை பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்ததாம். மறுநாள் அப்பாவும் மகளும் என் அறைக்கு வெளியே நின்றார்கள். "இவ்ளோ மார்க்கு எடுத்தும் ஒரு பட்டன் அமுங்கலியே சார்" என்றார் அவர். அடுத்த வருஷம் நல்ல நேரம் பார்த்துப் போடுங்கள் என்று ஆறுதல் சொல்லி, இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெண் குடிக்கவில்லை.

பழி சார்லஸ் தலையில் விழுந்தது. வேலை போகப்போகிறது என்றதும், ஆவணியில் வைத்திருந்த கல்யாணத்தைப் பெண் வீட்டில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் பிரிசில்லா ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் இருக்கிறாள். ராகுகாலத்தில் யாரும் கல்யாணப் பட்டு எடுக்க வர மாட்டார்களே, அவளுக்கு ஓய்வே அப்போதுதான். அப்போதுதான் சார்லஸுக்கு போன் போடுவாள். எப்போது போட்டாலும் அவர் கடலூர் பஸ்ஸில் இருப்பார். அதை யோசித்துப் பார்த்துவிட்டு, நேற்று நேராக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்க கடையில எப்ப கூட்டம் இருக்காதுன்னு உங்க சர்வருக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள். கெட்டிக்காரி. சார்லஸ் கொடுத்து வைத்தவர்.

ஆகவே, செய்தது நான். சார்லஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தப் பையன் வேலையும் கல்யாணமும் என்னால் கெடக்கூடாது. மணி என்ன, மூன்றேகாலா?

பேனா அங்கேயே இருக்கட்டும் மேடம். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நம்பிக்கையெல்லாம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒருத்தர் வாழ்க்கை சம்பந்தப்பட்ட கையெழுத்து. நாலரைக்குப் போட்டுவிடுகிறேன். அரை மணி நேரத்தில் ஒரு வேலை எங்கே ஓடிவிடப் போகிறது? அதுவரைக்கும் இன்னொரு டீ சொல்லட்டுமா?