அரக்கோ, பச்சையோ

— நம்பினா நம்பும் பிள்ளை, நம்பாட்டி விடும். எனக்குப் பெண் பாத்துத் தந்தது மனுசரில்லை. அந்தா, கோயில் வடக்கு வீதித் தூணிலை தொங்குதே, அந்தச் சோடியம் லைற்!

— அப்புத்துரை ஐயா, நான் லைற் மாத்த வந்த பிரதேச சபை ஆள். கலியாணக் கதை கேக்கிறது வேற கந்தோர்.

— நீர் ஏணியை வையும் லோஜனா. இந்த மனுசன்ரை விசர்க்கதைக்கு நிண்டால் பொழுதுபட்டிடும். அக்கா வாற வான் பண்ணைப் பாலம் தாண்டீட்டுதாம்.

— பாரும், என்ரை மனுசி எப்பிடி அந்தரப்படுறா! சறோ, உம்மடை அக்கா இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு கனடாவிலையிருந்து வாறா. வந்து அந்த வெளிச்சத்துக்குக் கீழ ஒருக்கா நிக்க வேண்டாமே? கதையே அவவின்ரைதானே!

— அவவுக்கு முன்னாலை உந்தக் கதையை எடுத்தியளெண்டால், வந்த வானிலையே நான் கனடா போயிடுவன்.

— அப்பிடி என்ன ஐயா நடந்தது? கெதியாச் சொல்லுங்கோ.

— சமாதான காலம். எனக்கு நாப்பது வயசு. பேச்சு வந்தது இவவுக்கில்லை, இவவின்ரை தமக்கைக்கு. தேரண்டு பொழுதுபட்டாப் பிறகு கோயிலடியிலை வந்து பாக்கச் சொன்னவை. பெண் அரக்குச் சீலை, தங்கச்சி கரும்பச்சை. வந்து பாக்கிறன், தூணுக்குக் கீழ ரண்டு பேர், ரண்டு சீலையும் பழம்புளி நிறம்! என்ரை வேட்டி பழம்புளி, ஐயர் பழம்புளி, தேராலை இறங்கிப் பச்சை சாத்தி வந்த அம்மனும் பழம்புளி! அவ்வளவு வெளிச்சம் பிள்ளை, நெடுந்தீவிலை குதிரையள் விடிஞ்சுபோச்செண்டு எழும்பினது! நான் சிரிச்ச ஆளைக் காட்டி, இவதான் எண்டிட்டன்.

— பொய். லைற்றாலை ஒண்டும் நடக்கேல்லை. இவருக்கு என்னைப் பிடிச்சது, கேட்டவர், கட்டினவர். அக்காவுக்கும் அப்பிடித்தான் சொன்னனாங்கள்.

— கோவிக்காதேங்கோ அன்ரி. சோடியத்துக்குக் கீழ அரக்கும் கரும்பச்சையும் ஒண்டுதான். அதாலைதான் அது எரியேக்கை நான் வயர் தொடுறேல்லை, எது சிவப்பு எது பச்சை எண்டு பிடிபடாது. இருநூற்றைம்பது வாற்றைக் குடிச்சுப்போட்டு மஞ்சளை மட்டும் கக்கும். கரண்ட் போய் வந்தா, சூடாறித் திரும்பப் பத்தக் கனநேரம். எல்ஈடி நூறு வாற்றுக்குள்ள, சுவிச் போட்ட உடனை எரியும், நிறம் நிறமாவே தெரியும்.

— ஆஸ்பத்திரி வாட்டு மாதிரியெல்லே இருக்கும்! உதிலை ஒரு பெண் பாக்க ஏலுமே? முகத்திலை கிடக்கிற பருவை எண்ணிப்போட்டு எழும்பிப் போயிடுவாங்கள்.

— எண்ணட்டும். நீர் மாத்தும் பிள்ளை.

— சறோ, ஒண்டு கேக்கிறன். லைற்றே இல்லாத ஒழுங்கை எத்தினை கிடக்கு? ஏன் முதல்லை இந்தத் தூண்?

— கடிதம் வந்த ஒழுங்கிலைதான் ஐயா மாத்துறம். இதுக்குச் சறோஜினிதேவி எண்டு கையெழுத்து. ஒண்டில்லை, மூண்டு கடிதம்.

— மூண்டோ! என்ரை தரகருக்கு எதிரா மூண்டு பெட்டிசமோ!

— ஓம், எழுதினனான். அக்கா வாற நேரம் உங்களுக்குக் கைகாட்ட அது இருக்கக்கூடாது எண்டுதான் எழுதினனான்.

— ஏன் பயப்பிடுறீர்? அவ வந்து இறங்கினதும் நான் சொல்லப்போறன்: "மச்சாள், உங்களை வேண்டாமெண்டு சொன்னது நானில்லை, உந்த லைற்!" அது அவவுக்கு ஒரு ஆறுதல் இல்லையே?

— அதுவும் சரிதானே அன்ரி? தன்னை ஒருத்தர் பாத்திட்டு வேண்டாமெண்டவர் எண்டெல்லே அவ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருப்பா?

— வான் ஹோர்ன் அடிக்குது.

— பேச்சை மாத்தாதையும். மச்சாள் இறங்க முதல் ஒரேயொருக்காச் சொல்லும். அண்டைக்கு நான் ஆள் மாறித்தான் காட்டினனான். உண்மையோ, பொய்யோ?

— உண்மைதான். நடந்தது. ஆனா லைற்றிலை பிழை சொல்லாதேங்கோ. தேருக்கு முதல்நாள் சப்பறத் திருவிழாவண்டு உங்களைக் கண்டிட்டு, ரண்டு சீலையையும் கொண்டுவந்து உந்தத் தூணுக்குக் கீழ விரிச்சுப் பாத்தனான். பாத்திட்டுத்தான் மற்றநாள், "இஞ்சை வந்து நில்லக்கா" எண்டு அவவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தனான்.