ஒரு ‘ட்’ விழுந்ததற்கு ஒரு வேலையா?

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தோழர் எர்சிலியா அவர்களே, சங்கத்தைத் தோளில் சுமந்த மூத்தோர்களே, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, ஹெட்செட் மாட்டி மாட்டிக் காது கன்றிப்போன என் சாந்தியாகோ நகரத்துச் சகோதர சகோதரிகளே, வணக்கம்!

வாழ்த்திப் பேச வரவில்லை, வயிறெரிந்து வந்திருக்கிறேன்.

இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாரே யூதெல்கிஸ் அல்மோந்தே, ஏழாண்டுக் காலம் கால் சென்டரில் அமெரிக்க நோயாளிகளுக்குப் பதில் சொன்னவர். போன மாதம் ஒரு முதியவர் கேட்டார்: இரண்டு மாத்திரையைச் சேர்த்து விழுங்கலாமா? கூடாது என்றார் யூதெல்கிஸ். ஆங்கிலத்தில் ‘கேன்’ என்றால் செய்யலாம். ‘கேன்ட்’ என்றால் கூடாது. இடையில் நிற்பது ஒரே ஒரு ‘ட்’! ‘கேன்ட் டேக்’, அதாவது விழுங்கக் கூடாது என்று விரைந்து சொன்னபோது, அந்த ‘ட்’ அடுத்த சொல்லுக்குள் கரைந்துவிட்டது. முதியவர் இரண்டையும் விழுங்கினார். இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார், மகிழ்ச்சி. ஆனால் யூதெல்கிஸின் பிழைப்பு போனது!

விசாரணைக்குச் சங்கத்தின் சார்பில் நானும் போனேன். அமெரிக்கப் பயிற்சியாளர் வெண்டல் சொன்னார்: “ஒலிய முழுங்குறது உங்க நாக்குக்கு ஒரு வியாதிங்க. உங்க ஸ்பானிஷ்லயும் அப்படித்தான்.”

என்ன தம்பி, சிரிக்கிறீர்கள்? ஆம், நம் ஊரில் சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை எவரும் தேடுவதில்லை, அழுத்திச் சொல்கிறவனை வாழைக்காய் மசித்த மங்கூ விற்கும் கடையில் கேலி செய்கிறோம். அதனால் நாம் அரை மனிதர்களா?

யூதெல்கிஸ் அழவில்லை. ‘கேன்’ சிலவும் ‘கேன்ட்’ சிலவுமாகப் பத்து வாக்கியம் எழுதி வெண்டலிடம் நீட்டினார்.

“படிங்க சார். எங்கள ஓட்டுற அதே வேகத்துல படிங்க. இங்க உக்காந்திருக்கிற உங்க மேனேஜர், காதுல விழுந்தது ‘கேன்’னா ‘கேன்ட்’டான்னு குறிக்கட்டும்.”

படித்தார். அமெரிக்காவிலே பிறந்த மேலாளர் குறித்தார். பத்தில் நான்கு தவறு!

மேலாளர் முகம் சிவந்தது. “அது வேற. அவர் பேசுறது சரளம்.”

“அவர் முழுங்கினா சரளம், நான் முழுங்கினா வியாதியா?”

கேட்டாரே ஒரு கேள்வி!

அந்த அழைப்பின் முழு ஒலிப்பதிவையும் போடச் சொன்னோம். மழுப்பினார்கள், விடவில்லை. போட்டார்கள். தோழர்களே, அந்த வாக்கியத்துக்கு அடுத்த நொடியே யூதெல்கிஸ் சொல்கிறார்: “இருங்க ஐயா, இன்னொரு தடவ மெதுவா சொல்றேன்...” குறுக்கே கண்காணிப்பாளரின் கத்தல்: “ஒரு அழைப்புக்கு நாலு நிமிஷம்தான், தாண்டிருச்சு, போனை வை!” டொக். அழைப்பு அறுந்தது.

ஓடு ஓடு என்று விரட்டியது யார்? இடறியதும் எட்டி உதைத்தது யார்? அந்த முதியவரை மருத்துவமனையில் தள்ளியது இவர் நாக்கா, இவர்களுடைய கடிகாரமா?

கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். ‘என் உச்சரிப்பே காரணம்’ என்று கையெழுத்திட்டால் மறுபடி வேலையாம். யூதெல்கிஸ் தாளைத் திருப்பித் தள்ளினார்: “வேலை வேணும் சார், வீட்ல ரெண்டு புள்ளைங்க. ஆனா பொய்க்குக் கீழ என் பேரு வராது.”

இன்றுவரை அவருக்கு வேலை இல்லை. ஆகவே நாளைக் காலை எட்டு மணிக்கு எவரும் இருக்கையில் அமரப்போவதில்லை! நான்கு நிமிடக் கெடு நீங்கும்வரை, யூதெல்கிஸ் கையெழுத்தின்றித் திரும்பும்வரை, ஒரு மணி ஒலித்தாலும் எடுக்கமாட்டோம். ஓராயிரம் மணி ஒலித்தாலும் எடுக்கமாட்டோம்!

சினத்தோடு செவிகொடுத்த உங்களுக்கு என் நன்றி. காலையில் வாசலில் சந்திப்போம். வணக்கம்!