நடுத்துண்டு

– பஞ்ச இன்னும் உள்ள தள்ளு பவுனு. மீனு செவுளு ஓரத்துல மட்டும் தடவிகினு குந்தினா, தூக்கிப் பாக்கறவன் காறித் துப்பிட்டுப் போவான்.

– தள்ளிகினுதான்யா கீறன். நீ கொஞ்சம் கம்முனு இரு. இந்தக் கையப் பாரு. சாம்பல் போட்டுத் தேச்சாச்சு, மண்ணு போட்டுத் தேச்சாச்சு. சோத்துல வெச்சா சோறே செவக்குது.

– அதாம்மே ஒசத்தி சரக்கு! ஜெர்மனி கப்பல்ல வந்தது. மில்லுல துணிக்குப் போடற சாயம், எத்தினி தபா வெளுத்தாலும் போவக்கூடாதுன்னு செஞ்சது. ஆர்பர்ல பீப்பா ஒடைஞ்சிச்சி, நம்ம நல்ல நேரம், ஒரு டப்பா கெடச்சிது.

– துணிக்குப் போடறத மீனுக்குப் போட்டுகினு கீறமே, இது அடுக்குமாய்யா?

– இன்னா பண்ணச் சொல்ற? கட்டுமரம் ஒடைஞ்சி கெடக்கு. எண்ணூர்ல வாங்கி வண்டில போட்டு இங்க ராயபுரம் வர்றதுக்குள்ள வெயில்ல செவுளு வெளுத்துப் பூடுது. ஐஸ் போட நம்ம இன்னா ஜமீனா? செவுளு ரத்தமா இல்லன்னா தொர வூட்டு பட்லர் கூடையாண்ட நிப்பானா?

– நிக்கமாட்டான்தான்.

– அப்பறம் இன்னா? செவுள எவன் தின்றான்? பட்லர் நடுத்துண்டு வாங்கினு போறான். கிளார்க்கு வால்துண்டு கேட்டு பேரம் பேசறான். தல நாய்க்கு.

– நாய்க்கு இல்லய்யா. சொக்கம்மாளுக்கு.

– எந்த சொக்கம்மா?

– தெரியாத மாரி கேக்காத. ரயில் ரோட்டாண்ட கரி பொறுக்கறாளே, புளியாந்தோப்புக்காரி. புருஷன் மேல மூட்ட சரிஞ்சி செத்துப் பூட்டானே. ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு அல்லாடறாளேன்னு நான்தான் கூப்ட்டு கூப்ட்டு தலையக் குடுத்துகினு இருந்தேன்.

– நல்ல காரியம்தானேமே.

– அவ பொண்ணு ராஜாத்தி போயிடுச்சிய்யா. மூலக்கொத்தளத்துல பொதச்சிட்டு வந்துட்டாங்க. ஒதடு நவாப்பயம் தின்ன மாரி நீலமா பூடுச்சாம். காச்சல் இல்ல, பேதி இல்ல.

– ஊர்ல கொயந்தைங்க சாவறதில்லியா? எல்லாத்துக்கும் நம்ம டப்பாதான் காரணமா?

– எனக்கு பயமா கீதுய்யா. இத்த கடல்ல கொட்டிடலாம். கருவாடு போட்டுப் பொயச்சிக்கலாம்.

– பயப்படறதா இருந்தா கார்ப்பரேஷன்காரனுக்கு பயப்படு. தாமோதரன் மொளகாத்தூள்ல செங்கப்பொடி கலந்தான்னு இட்டுகினு போயி உள்ள தள்ளினாங்களே, இப்ப அவன் பொண்டாட்டி இன்னா பண்றா? மார்க்கெட் வாசல்ல கை நீட்டிகினு குந்திகினு கீறா. நீ வாயத் தொறந்தா அவ பக்கத்துல உனக்கும் ஒரு எடம் கீது.

– மெதுவா பேசுய்யா. தோ, அவளே வர்றா. டப்பாவக் கூடைக்கு அடில தள்ளு. ஜல்தி!

– யக்கா… பவுனக்கா…

– வா சொக்கி, வா. இப்டி நெயல்ல குந்து. ஏன்டி இப்டி மூச்சு எறைக்குது?

– ஆஸ்பத்திரிலருந்து நடந்தே வர்றேங்க்கா. என் சின்னப் புள்ள, அப்பாவு, அவனுக்கும் ஆரம்பிச்சிடுச்சிக்கா, அங்கதான் படுக்க வெச்சிட்டு வர்றேன். அவங்க அக்கா ராஜாத்தி மாரியே. நகம் நீலமா ஆவுது. ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுது. அய்வக்கூட தெம்பு இல்லாம ஈனமா மொனகறான்.

– அடிப்பாவி… டாக்டர் இன்னா சொன்னாரு?

– அதுக்குத்தான் உன்னாண்ட ஓடியாந்தேன். அந்த டாக்டர் நல்ல மாரிக்கா, தொட்டுப் பாத்தாரு. "இது சாயப் பட்டறைல வேல செய்யறவங்களுக்கு வர்ற நோவு, கொயந்தைக்கு எப்டிம்மா வந்துச்சி"ன்னு கேட்டாரு. கலர் முட்டாய் குடுத்தியா, கலர் தண்ணி குடுத்தியான்னு கேட்டாரு. முட்டாய் வாங்கறதுக்கு நான் எங்க போவேன்? என் வூட்ல கஞ்சி வுட்டா உன் மீன் தலதான்.

– தபாரும்மா சொக்கம்மா, டாக்டருங்க அப்டித்தான் ஆயிரம் சொல்லுவாங்க…

– இல்ல கோதண்டண்ணே, அவுரு தெளிவா சொன்னாரு. அது எதுன்னு கண்டுபுடிச்சி நிறுத்திட்டா புள்ள பொயைக்குமாம். நிறுத்தலன்னா திரும்பக் கொண்டாராத, நேரா மூலக்கொத்தளத்துக்கே தூக்கினு போன்னு சொல்லாம சொல்ட்டாரு. யக்கா, நான் உன்ன குத்தம் சொல்ல வரல. சாமி சத்தியமா இல்ல. பெத்த தாய் மாரி நீ குடுத்த. ஆனா அந்தத் தலைய கய்வறப்ப தண்ணி செவப்பா வரும். ரத்தம்னுதான் நெனச்சேன். அதுல ஏதாச்சும் கீதாக்கா?

– மீன்ல ரத்தம் வராம பன்னீரா வரும்? கடல்ல கெடக்கற மீனுக்கு எவன் சாயம் போடுவான்? நல்லா கேட்ட போ!

– நான் அக்காவத்தான் கேக்கறேண்ணே. யக்கா, நீ சொல்லு. சத்தியம்லாம் வேணாம். உன் வாயால ஒரு வார்த்த சொன்னா போதும், நான் நம்பிட்டுப் போயிடறேன்.

– நீ மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிடி.

– சொல்லு பவுனு. ஒண்ணும் இல்லன்னு சொல்லு. தாமோதரன் பொண்டாட்டிய நெனச்சிகினே சொல்லு.

– ஒண்ணும் இல்ல சொக்கி.

– இல்லியாக்கா?

– இல்ல. வெறும் ரத்தம்தான்.

– உன் கை ஏங்க்கா இப்டி செவந்து கெடக்கு?

– இதுவா… மருதாணி. நீலா வெச்சிவுட்டா.

– நல்லாத்தான் கீது. உன் பொண்ணு கையாச்சே. என் ராஜாத்திக்கும் மருதாணின்னா அவ்ளோ ஆச. அப்பா… இப்பதாங்க்கா எனக்கு மூச்சே வருது. ஆஸ்பத்திரிலருந்து இந்த மட்டும் நான் எப்டி வந்தேன்னு எனக்கே தெரியல. என் கையால ஆக்கிப் போட்டு நானே என் பொண்ண அனுப்பி வெச்சிட்டனோ, நானே அவளக் கொன்னுட்டனோன்னு வயி முச்சூடும் அதே நெனப்பு. ரயில் வர்றது கூட காதுல வியல. ரயில் கேட்டுக்காரன்தான் புடிச்சி இய்த்தான்.

– அப்டில்லாம் நெனைக்காதடி.

– இல்லக்கா, இனிமே நெனைக்கமாட்டேன். நீ சொல்ட்ட இல்ல. வேற ஏதோ நோவுதான் அது. அப்டின்னா அந்தத் தலையக் குடுக்கா. நோவுக்கு பயந்துகினு நேத்தெல்லாம் வெறும் கஞ்சித்தண்ணிதான் குடுத்தேன். காத்தால கண்ணத் தொறந்து, "மீன் கொயம்பு"ன்னான்க்கா. அவன் வாய் தொறந்து கேட்டதே அதான்.

– தல… இன்னிக்கி வேணாம் சொக்கி.

– ஏங்க்கா? வேற யாருக்காச்சும் சொல்ட்டியா?

– குடுத்து அனுப்பு பவுனு. நின்னு கேட்டுகினு கீறா இல்ல. குடுக்கலன்னாதான் பேஜாரு.

– நீ சும்மா இருய்யா! உன் வாயக் கட்டு! சொக்கி, இந்தா. இத்த எடுத்துகினு போ. துணிய விரி.

– யக்கா, இது நடுத்துண்டு. தொர வூட்டுக்கு வெச்சது.

– தொர கெடக்கறான். புள்ளைக்கு ஆக்கிப் போடு. தலையத் தொடாத. என்னாண்ட மட்டும் இல்ல, இந்த மார்க்கெட்டுல எவகிட்டயும் தல கேக்காத.

– நீலா கல்யாணத்துக்கே நடுத்துண்டு போட முடியலன்னு நீயே சொல்லி அய்தியேக்கா. நான் வர்ற இத்தினி நாள்ல தலையத் தவுர ஒரு வால்துண்டு குடுத்ததில்ல. இன்னிக்கி எனக்கு இன்னாத்துக்கு?

– கேள்வி கேக்காத. எடுத்துகினு வூட்டுக்குப் போ.

– ஏங்க்கா அய்வற?

– யம்மா சொக்கம்மா, அவளுக்கு ஒடம்பு சரியில்ல. குடுத்தத வாங்கினு கெளம்பு. யாவாரம் கெடுது.

– இரு அண்ணே. யக்கா, என்னப் பாரு. கைய மறைக்காத, அத்தக் காட்டு… இது மருதாணி இல்ல.

– சொக்கி, என்ன அடி. செருப்பக் கயட்டி அடி. கார்ப்பரேஷன்காரன இட்டுகினு வா. டாக்டராண்ட ஓடிப் போயி சொல்லு, தலையிலதான் இருந்துச்சின்னு சொல்லு. அப்பாவுவயாச்சும் காப்பாத்திக்கோ.

– ராஜாத்தி கடசியா, "வேணாம்மா, கசக்குது"ன்னாக்கா. பவுனக்கா ஆசையா குடுத்தது வீணாப் பூடும்னு, நான்தான் அவ தலைல ஒரு தட்டு தட்டி, வாயப் புடிச்சித் தொறந்து, செவுள வெச்சித் திணிச்சேன்.