கதவுக்குப் பின்னால் ஒட்டிய அறிவிப்பு

இந்தக் காலத்தில் ஒருவர் ஓய்வுபெற்றால் போதும், நேற்றுவரை முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தவர்களெல்லாம் முன்னால் வந்து முழங்குகிறார்கள். அப்படி எழுதிய வாழ்த்து மடலை என்னிடமும் நீட்டினார்கள். நான் கையெழுத்திடவில்லை. இந்தப் பிரிவு விழாவில் நான் வாசிப்பது என் மடல்.

முப்பத்தோரு ஆண்டுகள் எங்கள் நகராட்சியின் நிலப்பிரிவை நிமிர்ந்து நின்று நடத்திய பொறியாளர் ஹம்மாதி அவர்களே!

அளவில் பிசகாத அண்ணலே! கையூட்டாக எண்ணெய் டின்னோடு வந்த வணிகரை வாசலோடு அனுப்பினீர்கள். இரண்டு சாண் குறைந்ததற்காகச் சொந்த மைத்துனரின் மனையையே மூன்று முறை திருப்பி அனுப்பினீர்கள். கதவுக்காரனாக வாசலில் நின்று பார்த்தவன் நான். அதனால்தான் இதைப் பொறுக்க முடியவில்லை.

ஓடைப் படுகையைக் குடியிருப்பு நிலமாக்கக் கேட்டு ஒரு கட்டுமானக்காரர் விண்ணப்பித்தார். அறுபது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஊரார் எதிர்ப்பை அலுவலக ஏட்டில் எழுதலாம். ஏடு வெறுமையாக இருந்தால் நகராட்சிக் குழு அனுமதித்துவிடும். அறிவிப்பை என் கையில் கொடுத்தீர்கள்.

"வெளிப்பலகை வேணாம் ஷத்லி அண்ணே, காத்துல பிஞ்சிரும். கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க."

ஒட்டினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சோம்பல். தினமும் காலையில் கதவைத் திறந்து சுவரோடு சாத்தினேன். காகிதம் சுவரைப் பார்த்தது. மாலையில் வெளியே நின்று பூட்டினேன், இருட்டைப் பார்த்தது. மனிதர் எவரையும் அது பார்க்கவில்லை.

இன்று காலை ஓடைக்கரை மப்ரூக்கா ஓடி வந்தாள். "அண்ணே, ஓடையில சுண்ணாம்புக் கோடு போடுறாங்க! அதை மேடாக்கிட்டா மழைத்தண்ணி எங்க போகும், என் அடுப்படிக்கா?"

உங்களிடம் வந்தேன்.

"அறுபது நாளா ஒட்டியிருந்துச்சே, ஒருத்தரும் எழுதலையே."

"கதவுக்குப் பின்னாடி எவன் படிப்பான்?"

"ஒட்டினது நீங்கதானே அண்ணே?"

ஆமாம், நான்தான். உங்களுக்கு எட்டு வயது மூத்தவன், ஓய்வு கொடுத்தும் சாவியை விடாதவன், அறுபது நாள் அதன்மேல் கதவைச் சாத்தியவன். சட்டத்தைக் கரைத்துக் குடித்த சான்றோரே, சாத்திய கதவுக்கு உள்ளே யார் நிற்பார்கள் என்று ஒரு நாளாவது சிந்தித்தீர்களா?

"புதுசா வர்றவர் பார்த்துக்குவார்" என்றீர்கள். பார்க்க மாட்டார். அவர் பார்க்கப்போவதும் வெற்று ஏட்டைத்தான்.

அறுபதாம் நாள் இன்று. மாலை நான்கு மணிவரை நேரமிருக்கிறது. உங்களுக்காக வைத்த மக்ரூத் இனிப்புத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த ஏட்டை வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் மப்ரூக்காவின் கைநாட்டு, அதன்கீழ் என் கோணல் எழுத்து. கைநாட்டையும் கதவுக்காரனையும் குழு ஒதுக்கிவிடும். மூன்றாவதாக ஒரு பொறியாளரின் பெயர் இருந்தால் ஒதுக்க முடியாது. நீங்களும் இந்த ஊர்க்காரர்தான்.

நீண்ட ஆயுளும் நோயற்ற உடலும் பெற்று வாழ்க! ஒவ்வொரு மழைக்கும் உறக்கம் கலைந்து வாழ்க!

விழாவுக்காக இன்றுதான் கதவை உள்ளிருந்து சாத்தியிருக்கிறேன். எல்லோரும் திரும்பிப் பாருங்கள், அறிவிப்பு தெரிகிறதல்லவா?

நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் நம்பவில்லை. பின்வாசல் வழியாகப் போகிறேன். அந்தக் கதவை இன்று நான் திறக்க மாட்டேன்.

ஊழியர் எவர் சார்பிலும் அல்லாமல்,
கதவுக்கார ஷத்லி