பத்து டன் தாங்கின கொக்கி

இல்லைங்க, குடை அங்கயே இருக்கட்டும், சொட்டினா சொட்டட்டும். இந்த மழை ஊர் கீலுங்ல தரை காயணும்னு எவன் எதிர்பார்க்கிறான்? உக்காருங்க சம்பந்தியம்மா. அப்படிக் கூப்பிடலாமா? நீங்க இன்னும் சரின்னு சொல்லலை, தெரியும். வாயில வந்துருச்சு, விடுங்க.

என் பொண்ணு யூ-சினும் அவ அம்மாவும் நிச்சயதார்த்தத்துக்குக் கேக் ருசி பாக்கப் போயிருக்காங்க. பத்து வகை இருக்காம். வர முக்கால் மணி நேரமாவது ஆகும். அதான் உங்களை இந்த நேரத்துக்கு, தனியா வரச் சொன்னேன். பையன்கிட்ட சொல்லலைல்ல? நல்லது.

டீ எடுத்துக்குங்க. இல்ல, நான் நிக்கிறேன். உக்காந்தா கால் ஆடிக்கிட்டே இருக்கும், அப்புறம் மேசையும் ஆடும்.

என் வேலையா? உங்க போ-யென் சொல்லலையா? அவனுக்கே சரியாத் தெரியாது. துறைமுகம்னு மட்டும் சொல்லி வெச்சேன். சாமான் தூக்குற கொக்கி, சங்கிலி, வளையம் எல்லாம் சோதிச்சுப் பாக்குற இடத்துல முப்பத்தாறு வருஷம். இப்ப ரெண்டு வருஷமா வீட்லதான். அஞ்சு டன் தூக்குற கொக்கின்னா நாங்க பத்து டன் குடுத்து இழுப்போம். ஆமா, ரெட்டிப்பு. இழுத்துப் பத்து நிமிஷம் அப்படியே பிடிச்சு வெக்கணும். கப்பல்ல மூட்டை இறக்குற ஆளுங்க சிரிப்பானுங்க. என்னண்ணே, இரும்புக்குப் போய் ஜாதகம் பாக்குறீங்கன்னு.

சிரிக்கிறீங்க. எல்லாரும் நினைக்கிறது என்னன்னா, பத்து டன் தாங்கிருச்சா, முடிஞ்சுது வேலைன்னு. அது பாதிதாங்க. இரும்பு இழுத்தா நீளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா நீளும். விட்டா பழைய அளவுக்கு வந்துரணும். வரலைன்னா அதோட எல்லை தாண்டிருச்சுன்னு அர்த்தம், தூக்கிப் போட வேண்டியதுதான். சில கொக்கி அளவுக்குத் திரும்பி வந்துரும், ஆனா வளைவுல முடி மாதிரி ஒரு கீறல் விட்டிருக்கும். சுமையைத் தாங்குற அந்தப் பத்து நிமிஷத்துலயே விட்டிருக்கும். அதனால இறக்கினதும் சிவப்புச் சாயம் பூசி இருபது நிமிஷம் ஊற விடணும். துடைச்சிட்டு வெள்ளைப் பொடி அடிச்சா, கீறல் இருக்கிற இடத்துல சாயம் கசிஞ்சு மேல வரும். அதையும் பாத்த பிறகுதான் முத்திரை குத்தணும்.

ஏன் இதெல்லாம் உங்ககிட்டன்னு பாக்குறீங்க. வர்றேன், வர்றேன். கொஞ்சம் ஜன்னலைச் சாத்திட்டு வர்றேன், சாரல் அடிக்குது.

போன மாசம் பையன் முதல் தடவையா சாப்பிட வந்தான். நல்ல பையன். மீனைப் பெரியவங்களுக்கு முதல்ல எடுத்து வெக்கிறான், நீங்க வளர்த்தது தெரியுது. அப்பா என்ன பண்றார்னு என் சம்சாரம் கேட்டா. எனக்கு மூணு வயசு இருக்கப்பவே போயிட்டார், துறைமுகத்துல சுமை அறுந்து விழுந்துன்னான். பேரென்னப்பான்னு நான் கேட்டேன். ஜியான் தே-மாவ்னான். தொண்டையில முள்ளுன்னு சொல்லி எந்திரிச்சுப் போயிட்டேன்.

இல்ல, அவரோட எனக்குப் பழக்கமில்லை. பாத்தது கூட இல்லை. பேர் மட்டும் தெரியும். விசாரணைக் காகிதத்துல இருந்துச்சு.

ஆமாங்க, உங்ககிட்டயும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க. அஞ்சு டன் கொக்கியில ஏழு டன் மாட்டினாங்க, தப்பு மாட்டினவங்க மேலன்னு. அந்தக் கொக்கியைச் சோதிச்சவன்னு நானும் போய் நின்னேன். பதிவேட்டைக் காட்டுன்னாங்க, காட்டினேன். சோதனை சரியா நடந்திருக்குன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அதுக்கு மேல யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. பத்து டன்னுக்கு இழுத்தப்ப தாங்கின கொக்கி, மூணே வாரத்துல ஏழு டன்னுக்கு ஏன் முறியணும்? ஏழு மாட்டினது தப்புதான், நான் இல்லேங்கலை. ஆனா தாங்கியிருக்கணுமே. இத்தனை வருஷமா நான் வேற எதையும் அவ்வளவு யோசிச்சதில்லை.

இருங்க. எந்திரிக்காதீங்க, ரெண்டு நிமிஷம். இவ்வளவு சொல்லிட்டேன், மிச்சத்தையும் சொல்லிர்றேன்.

அதைச் சோதிச்ச அன்னிக்குப் பத்து டன் ஏத்தினேன், பத்து நிமிஷம் பிடிச்சேன். அளவு எடுத்தேன், சரியா இருந்துச்சு. சாயம் பூசலை. துணியால ஒரு துடை துடைச்சேன், முத்திரை குத்தினேன், பதிவேட்டுல சாயம் பாத்தாச்சுன்னு எழுதினேன், ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஓடினேன். கீறல் இருந்துச்சான்னு கேட்டா, தெரியாது. இல்லாமலும் இருந்திருக்கலாம். இருந்திருந்து, சாயமும் பூசியிருந்தா நான் பாத்திருப்பேன். அந்த இருபது நிமிஷம்தான் நான் குடுக்காதது.

எங்க ஓடினேனா? ஆஸ்பத்திரிக்கு. போன் வந்துச்சு. சம்சாரத்துக்கு வலி எடுத்து உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு. நான் போய்ச் சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நர்ஸ் துணியில சுத்திக் கையில குடுத்தா. மூணு கிலோ, பொண்ணு. யூ-சின்.

...

இல்லைங்க. அவ அம்மாவுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதல்ல. நீங்க வேணாம்னு சொன்னா நான் எதுவும் பேச மாட்டேன். ஜாதகம் ஒத்து வரலைன்னு நானே சொல்லி நிறுத்திர்றேன். பழி என் மேல இருக்கட்டும்.

என்ன? சரி. மன்னிக்க வேணாம். நான் அதுக்காகக் கூப்பிடலை.

புரியலை, திரும்பச் சொல்லுங்க. அவகிட்டயா? சொல்லக் கூடாதா? எப்பவுமே? அவ பொறந்த நாளே அவளுக்குப் பாரமாயிடும்னா சொல்றீங்க? ஆமா. ஆமாங்க. உங்க பையன்கிட்ட நீங்களே சொல்லிக்கிறீங்க. சரி. அவனுக்குத் தெரியணும்தான். பொண்ணு வரைக்கும் போக வேணாம். சரிங்க.

அவங்கதான், படி ஏறுற சத்தம் கேக்குது. சீக்கிரமே வந்துட்டாங்க. இல்லைங்க, நீங்க இருங்க, நான் போய்க் கதவைத் திறக்கிறேன். நீங்களே போறீங்களா? அந்தக் கதவு மழைக்கு ஊறிப் பிடிச்சுக்கும். கைப்பிடியைக் கொஞ்சம் மேல தூக்கிட்டு இழுங்க. அவளுக்கு ரெண்டு கையிலயும் கேக் பெட்டி இருக்கும்.